வரலாறு கருத்தாவாமோ?

“வரலாறு இவரை மன்னியாது”, “வரலாறு தீர்ப்பு வழங்கும்”, “இது வரலாற்றின் கட்டாயம்” என்றாற்போலுந் தொடர்களை இக்காலத்து அரசியல் மேடைகளிலும் நாளிதழ்களிலும் நாடோறும் கேட்கின்றோம். இவற்றுள் தொழிலுக்கு உரிமை பூண்டு நிற்பது வரலாறு. மன்னித்தலும், தீர்ப்பு வழங்கலும், கட்டாயப்படுத்தலும் அறிவும் விழைவும் உடைய பொருளுக்கே உரிய தொழில்கள். முன் நிகழ்ந்தவற்றின் தொகுதியாகிய, அன்றி அவற்றைக் கூறும் நூலாகிய வரலாற்றுக்கு அவை எங்ஙனம் பொருந்தும்? “மழை நாட்டைக் காத்தது” என்பதுபோல உபசாரமாக வந்த வழக்கே இது. இதனை ஆராய்தல் வேண்டா என்பாரும் உளர். மழை காத்தது என்பான் மழையின் பெயரால் மற்றொருவனைச் சிறையிடுவதில்லை. வரலாற்றின் பெயராலோ சிறையும் கொலையும் பலகால் நிகழ்ந்துள்ளன. ஆதலின் இவ்வழக்கு யாண்டுத் தோன்றியது, எதனால் தோன்றியது, சித்தாந்த நூன்முறையான் நோக்குங்கால் எத்துணைக்குக் கொள்ளத்தக்கது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணையாவார் ஜர்மனி நாட்டு வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோசெல்லெக் என்பார். இவர் 1923-ஆம் ஆண்டில் கெர்லிட்ஸ் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே போர்ப்படையிற் சேர்ந்து, 1945-இல் உருசியர் கையிற் சிறைப்பட்டு, கசக்ஸ்தானத்துச் சிறைப்பாசறையில் இருந்து மீண்டு, ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திற் பயின்றார். பின்னர்ப் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கி, 2006-இல் மறைந்தார். வரலாறு எப்பக்கஞ் செல்கின்றது என்பதைத் தாமே அறிந்ததாகக் கூறிய இரண்டு பேரரசுகளின் இடையே அகப்பட்டுப் பிழைத்தவர் இவர். ‘வரலாறு’ என்னுஞ் சொல்லைக் கண்ட அளவில் அஞ்சி நின்று ஆராயும் இயல்பு இவர்க்கு அதனால் வந்தது போலும்.

இவர் ஒட்டோ புருன்னர், வெர்னர் கொன்சே என்னும் அறிஞரிருவருடன் கூடித் தொடங்கிய பெருங் கலைச்சொற்களஞ்சியம் 1972 முதல் 1997 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அரசு, குடியாட்சி, உரிமை, முன்னேற்றம், புரட்சி, நெருக்கடி முதலாக ஏறக்குறைய 120 சொற்கள் அதன்கண் எடுத்துக்கொள்ளப்பட்டன. வரலாற்றறிஞரோடு சட்டநூலாரும் மெய்ந்நூலாரும் பிற துறையினரும் ஒருங்கிருந்து எழுதினமையின், ஒரு சொல் நீதிமன்றத்தில் ஒருவாறும், சமயக் கழகத்தில் ஒருவாறும், அரசவையில் ஒருவாறும் பொருள்பட்டு நின்றமையும், அப்பொருள்கள் ஒன்றையொன்று தாக்கித் திரிந்தமையும் அதன்கண் விளங்கும். தனித்துறையார் ஒருவர் எத்துணைப் புலமையுடையராயினும் இதனைச் செய்து முடித்தல் அரிது. 1750-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட நூறாண்டில் ஐரோப்பிய அரசியற் சொற்களிற் பெரும்பாலன பொருள்மாறின என்பது அவர்தம் முடிபு. இரு மலைமுடிகளுக்கு இடைப்பட்டதாய், ஏறி நின்றார் இருபுறமுங் காணற்குரியதாய் உள்ள இடத்தின் பெயரை அக்காலப் பகுதிக்குக் கோசெல்லெக் இட்டு வழங்கினார்.

சொல் மாறாதிருப்பப் பொருள் மாறுதல் எத்துணைப் பெருமயக்கம் விளைக்கும் என்பதற்கு நம்பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். புறப்புறச் சமயங்களுள் உலகாயதத்தையும் வைத்து எண்ணுதல் நம் நூல்வழக்கு. கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்பான் கொள்கையும் ஆண்டுச் சமயமே. இக்காலத்தில் ஆங்கிலவழிக் கல்வியின் சார்பால், சமயம் என்றால் கடவுட்கொள்கையும் வழிபாடும் என்னும் பொருளே முந்துகின்றது. அப்பொருளை உள்ளத்திற் கொண்டு பரபக்கத்தைப் படிப்பான் ஒருவன், “கடவுளையே மறுப்பான் மதம் சமயமாவது யாங்ஙனம்?” என்று கடாவுவான். பிழை நூலின்கண் அன்று. அவன் உடன்கொண்டு வந்த சொற்பொருளின்கண் உள்ளது. அரசியற் சொற்களில் இப்பிழை இன்னும் மிகுதி; கண்டு விலக்குவாரோ மிகச் சிலர்.

இனி, வரலாறு என்னுஞ் சொற்கு வருவாம். ஜர்மன் மொழியில் இதற்கு வழங்குஞ் சொல் ‘கெஷிக்டெ’ என்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் இது பெரும்பாலும் பன்மைச் சொல்லாய், ‘நிகழ்ச்சிகள்’ என்னும் பொருட்டாய், பன்மை வினைகொண்டு முடிந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல்லே ஒருமையாகி, ஒருமை வினை கொள்வதாயிற்று. நிகழ்ந்தவற்றையும் நிகழ்ந்தவற்றைக் கூறும் உரையையும் முன்னர் வேறுவேறு சொற்கள் குறித்தன. பின்னர் அவ்விரண்டும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கின. இம்மாற்றத்தை இலக்கணத்தார்க்கு மட்டும் உரிய சிறுசெய்தி என்று கொள்ளற்க. முன்னர் ஓர் அரசனது வரலாறு, ஒரு நகரத்தினது வரலாறு என இன்னதனுடையது என்று சுட்டப்பட்டே வரலாறு நின்றது. பின்னர் எதனுடையதும் அல்லாத, எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய, தானே இயங்குகின்ற ‘வரலாறு’ ஒன்று எழுந்தது. நம் வழக்கிலும் நூல் வரலாறு, தல வரலாறு, ஆசிரியர் வரலாறு என உடையதனைச் சுட்டியே அச்சொல் வருதல் பழைய முறை. ஆறாம் வேற்றுமைத் தொடர்பு நீங்கியவுடன் அச்சொல் எழுவாயாய் ஏறியிருந்து வினைகொள்ளத் தலைப்பட்டது. கருத்தாவாதற்கு முதற்படி அதுவேயாம்.

அம்மாற்றத்திற்கு முன்னர் வரலாற்றின் பயன் யாதெனக் கருதினர்? உரோமநாட்டு நாவலர் சிசரோ, கி.மு. 55-இல் இயற்றிய தமது சொல்வன்மை நூலில், வரலாற்றை வாழ்க்கைக்கு ஆசிரியன் என்றார். அக்கருத்து ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு ஐரோப்பாவில் நின்று நிலவியது. முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்வதும் ஒருதன்மையவாம் என்று கொண்டால் அன்றி முன்னது பின்னதற்குப் பாடமாதல் கூடாது. அலெக்சாந்தர் செய்தது நாளை ஓர் அரசனுக்குப் பயன்படுவது, இருவரும் நிற்கும் நிலம் ஒன்றென்று கொண்டதனாலேயாம்.

இதனைச் சொல்லால் அன்றி ஓர் ஓவியத்தால் விளக்கினார் கோசெல்லெக். ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் என்னும் ஓவியர், பவேரியக் கோமான் நான்காம் வில்லியம் வேண்டிக்கொள்ள, 1529-ஆம் ஆண்டில் அலெக்சாந்தரது இசஸ் போரைத் தீட்டினார். அப்போர் நிகழ்ந்தது கி.மு. 333-இல். எண்ணிறந்த வீரரை ஒரு சிறு பலகையில் வரைந்து, படையின் தொகையும் மாண்டார் தொகையும் கொடிகளில் எழுதிவைத்த அவ்வோவியர், போர் நிகழ்ந்த ஆண்டை மட்டும் யாண்டும் குறித்திலர். பாரசீகப் படைஞர், அவ்வோவியம் எழுந்த 1529-இல் வியன்னா நகரை வளைத்து நின்ற துருக்கரையே ஒத்திருக்கின்றனர். ஈராயிரம் ஆண்டுக்குச் சற்றே குறைந்த இடையீடு அவ்வோவியத்தில் இல்லை. ஓவியர் அறியாமையால் நேர்ந்த வழுவன்று இது. அலெக்சாந்தர் காலமும் தம் காலமும் ஒரே வானத்தின்கீழ் உள்ளன என்று அவர் கொண்டமையே காரணம். அதன்பின் நெப்போலியன் படையினர் அவ்வோவியத்தைப் பாரிசு நகருக்குக் கவர்ந்து சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரீட்ரிக் ஷ்லேகல் என்னும் ஜர்மானியப் புலவர் ஆண்டு அதனைக் கண்டு வியந்தார். அவர் வியந்தது, தம் காலத்தினின்றும் ஓவியர் காலத்தையும், ஓவியர் காலத்தினின்றும் அலெக்சாந்தர் காலத்தையும் வேறுபிரித்துணர்ந்தே. அலெக்சாந்தருக்கும் ஓவியருக்கும் இடையே ஆயிரத்தெண்ணூறு ஆண்டிற்கு மேலாயினும் காலவேற்றுமை தோன்றவில்லை. ஓவியருக்கும் ஷ்லேகலுக்கும் இடையே முந்நூறு ஆண்டே ஆயினும் பெருவேற்றுமை தோன்றிவிட்டது. இம்முந்நூறு ஆண்டில் காலத்தைப் பற்றிய உணர்ச்சியே மாறிற்று என்பது கோசெல்லெக் உய்த்துணர்ந்தது. அவ்வோவியம் இன்று மியூனிக் நகரத்து ஓவியக்கூடத்தில் உள்ளது.

மாறியது யாது என்பதை அவர் இரண்டு கலைச்சொற்களால் வரையறுத்தார். மக்கள் பட்டறிந்தவற்றின் பரப்பு ஒன்று. அவர்கள் எதிர்நோக்குவனவற்றின் தொடுவானம் மற்றொன்று. உழவர் வாழ்விலும் கைவினைஞர் வாழ்விலும் இவ்விரண்டும் முன்னர் அணுகி நின்றன. தந்தை கண்டதையே மைந்தன் எதிர்பார்த்தான். முன்னேற்றம் என்னுங் கருத்துத் தோன்றிய பின்னர் எதிர்நோக்கு அறிந்தவற்றைவிட்டு மேன்மேலும் விலகிச் சென்றது. எதிர்காலம் இதுகாறும் காணாத ஒன்றாயின், கண்டவை அதற்குப் பாடமாகா. ஆசிரியனாயிருந்த வரலாறு அப்பதவியை இழந்தது. இழந்த பின் அது நடுவனாயிற்று, அதன்பின் தலைவனாயிற்று.

‘புரட்சி’ என்னுஞ் சொல்லின் கதை இதற்குச் சான்று. ஐரோப்பிய மொழிகளில் இதற்குரிய சொல் முதற்கண் வானநூற் சொல்லாய்ச் சுழற்சியைக் குறித்தது. கோப்பர்னிகசு 1543-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ள அச்சொல் விண்கோளங்களின் சுழற்சியையே உணர்த்தும். இங்கிலாந்தில் 1640 முதல் 1660 வரை அரசுரிமை மன்னனிடமிருந்து பாராளுமன்றத்துக்கும், ஆண்டிருந்து கிராம்வெல்லுக்கும் சென்று, முடிவில் மன்னன் மகனிடமே மீண்டதைக் கண்ட ஹாப்சு என்னும் அறிஞர் அதனை ஒரு வட்ட இயக்கமாகவே கூறினார். 1688-இல் மன்னனை மாற்றிய ஆங்கிலேயரும் பண்டை உரிமைகள் மீண்டன என்றே அச்சொல்லை வழங்கினர். தொடங்கிய இடத்திற்கு மீளுதல் அதன் உயிர்ப்பொருள். 1789-இல் பிரஞ்சு நாட்டில் கிளர்ச்சி எழுந்த பின்னரோ, மீளாமையே அதன் பொருளாயிற்று. நம் தமிழ்ச்சொல்லும் ‘புரள்’ என்னும் பகுதியடியாகப் பிறந்தது. புரள்வது மீளவும் புரளக்கூடும். ஆயினும் உருசிய நாட்டுக் கிளர்ச்சியைப் பாடிய பாரதியார் அதனை ‘யுகம்’ என்னுஞ் சொல்லொடு புணர்த்தபோது, சுழலும் யுகங்களின் பொருளும் புதுவதாய் எழும் ஊழியின் பொருளும் ஒருங்கே அதன்கண் நின்றன. இஃது இடைப்பிறவரல்.

பிரஞ்சுக் கிளர்ச்சியாளர் காலத்தையே புதிதாக எண்ணத் தொடங்கினர். 1792-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளை முதலாகக் கொண்டு, பத்து நாளைக் கிழமையாக வகுத்த புதிய நாட்கணக்கை 1793-இல் சட்டமாக்கினர். அவ்வாண்டு மே மாதம் 10-ஆம் நாள் ரோபெஸ்பியர் அவையிற் பேசுங்கால், மக்கள் அறிவின் முன்னேற்றமே இப்பெருங் கிளர்ச்சிக்கு வழிசெய்தது என்றும், அதனை விரைவுபடுத்துதல் அவையினர்க்குச் சிறப்பாக உரிய கடமை என்றும் கூறினார். இவ்விரண்டு கூற்றையும் ஒருங்கு வைத்து நோக்குக. தானே வரும் என்பது ஒன்று. யாம் விரைவுபடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தானே வருவதாயின் விரைவுபடுத்துவார் எற்றுக்கு? விரைவுபடுத்துவார் வேண்டுமாயின் தானே வருமென்பது எங்ஙனம்? தானே வரும் என்பதனால் செயலுக்குப் பொறுப்பு நீங்குகின்றது. யாமே விரைவுபடுத்துவோம் என்பதனால் அதிகாரம் கைவருகின்றது. தற்கால அரசியல் உரைகளிற் பலவற்றின் வன்மை இம்முரணிலேயே உள்ளது என்பது எம் கருத்து. ரோபெஸ்பியர் 1794 ஜூலை 28-இல் கொலைத்தண்டம் எய்தினார். புதிய நாட்கணக்கு 1806-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெப்போலியனால் நீக்கப்பட்டது.

ஹெகல் என்னும் பேரறிஞர், 1821 என ஆண்டு குறித்து வெளிவந்த தமது உரிமை நூலில், உலக வரலாற்றை உலகத்தின் நீதிமன்றமாகக் கொண்டார். அதன்பின் வந்தார் பலர்க்கு அஃது எளிய வழக்காயிற்று. 1917-இல் பெத்ரோகிராட் நகரத்துச் சோவியத்துப் பேரவையினின்றும் வெளியேறிய மென்ஷெவிக்கரை வரலாற்றின் குப்பைக்கூடைக்குச் செல்லுமாறு இழித்துரைத்தார் திரோத்ஸ்கி. அவரே 1929-இல் நாடு கடத்தப்பட்டு 1940-இல் மெக்சிக்கோவிற் கொலையுண்டார். 1953-இல் சாந்தியாகோ நகர நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டு நின்ற பிதெல் காஸ்திரோ, வரலாறு தம்மைக் குற்றத்தினின்றும் விடுவிக்கும் என்று தம் உரையை முடித்தார். 1956-இல் குருஷ்சேவ் வரலாறு தம் பக்கத்தது என்று மேனாட்டார்க்கு உரைத்தார். 1989-இல் அமெரிக்கராகிய பிரான்சிசு புகுயாமா, தாராளக் குடியாட்சியோடு வரலாறு முடிவெய்தியதோ என்று எழுதினார். பக்கம் வேறாயினும் இலக்கணம் ஒன்றே.

இனிச் சித்தாந்த நூன்முறை யாதென நோக்குவாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கம் முதற் சூத்திரத்தில், காலமே கடவுள் என்பார் கூற்றை எடுத்து மறுத்தருளினர். எல்லாத் தொழிலும் காலத்திலேயே நிகழக் காண்டலின் காலமே கருத்தா என்பது எதிர்வாதம். காலம் அறிவற்றது, அறிவுடைய கருத்தாவின் கருத்தின்வழியே அது தொழிற்குத் துணையாம் என்பது விடை. தத்துவ முறையிற் காலம் வித்தியா தத்துவங்களுள் வைக்கப்பட்டது. மாயையின் காரியமாதலின் அது சடம். இறந்ததற்கு எல்லையும், நிகழ்வதற்குப் பயனும், எதிர்வதற்குப் புதுமையும் தருவது அதன் தொழில் என்பர். இம்மூன்றும் கோசெல்லெக் கூறிய பட்டறிவின் பரப்பையும் எதிர்நோக்கின் தொடுவானத்தையும் நினைவூட்டுதல் இயல்பே.

ஆயினும் ஈண்டு ஒன்று கூறல் கடப்பாடு. மேனாட்டார் இன்று கண்டதை நம் ஆசிரியர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டனர் என்று முழங்குதல் பொருந்தாது. சித்தியார் மறுத்த காலவாதி உலகத் தோற்றத்தைப் பற்றி வாதிட்டவன், அரசியலைப் பற்றியல்லன். முன்னேற்றம் என்னுங் கருத்து அவனுக்கும் இல்லை, அவனை மறுத்தார்க்கும் இல்லை. மேலே ‘சமயம்’ என்னுஞ் சொல்லில் யாம் கண்டித்த பிழையையே நம் நூலுக்குப் பெருமை தேடும் பொருட்டு யாமே செய்தல் தகுமோ? சித்தியாரினின்றும் யாம் கொள்ளுவது அவ்வாதத்தின் வடிவு ஒன்றே. அறிவற்றது கருத்தாவாகாது, குடம்போல என்பது அது.

அற்றன்று, வரலாறு குடம் போல்வதன்று, அறிவுடைய மக்களது செயல்களின் தொகுதி, ஆதலின் ஒருவாற்றான் அறிவுடைத்தெனலாம் என்பார்க்கு உரைப்பதும். செயல் வேறு, செய்வான் வேறு. செயல்களைத் தொகுத்தால் வருவது செயற்றொகுதியே, செய்வானல்லன். வினை சடமாதலின் தானே சென்று தன் பயனை ஊட்டாது என்பது மீமாஞ்சகரை மறுக்குமிடத்து நம்மவர் கொண்ட துணிபு. தனித்தனி வினைக்கு இல்லாத அறிவு, வினைகளைக் கூட்டியவழி எங்கிருந்து வந்தது?

நியதி தத்துவத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். செய்தவன் வினையைச் செய்தவனுக்கே வரையறுத்து நிறுத்துவது நியதி. வரலாற்றைக் கருத்தாவாக்குவார் முதற்கண் நீக்குவது இவ்வரையறையையே. கட்டளையிற் கையெழுத்திட்டவன் ஒருவன் உளன். அவனுக்குப் பெயரும் ஊரும் உண்டு. “வரலாற்றின் கட்டாயம்” என்றவுடன் அவன் மறைந்துவிடுகின்றான். வரலாற்றுக்கு மாற்றவொண்ணாத விதியுண்டு என்னுங் கொள்கையை மறுத்துக் கார்ல் பாப்பர் எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது. அக்கொள்கைக்கு இரையாகி மாண்ட எண்ணிறந்த மக்களின் நினைவுக்கு அவர் அந்நூலை உரிமையாக்கினார். அளவையியல் நூலொன்றுக்கு இத்தகைய உரிமையுரை அரிதாயினும் பொருத்தமேயாம்.

மற்றொரு கடா எஞ்சியுள்ளது. அது நம்மையே நோக்கியது. கோசெல்லெக்கின் ஆசிரியருள் ஒருவராகிய கார்ல் லோவித் 1949-இல் வெளியிட்ட நூலில், வரலாற்றுக்கு இலக்கு உண்டென்னும் தற்காலக் கொள்கை, உலகமுடிவையும் இறுதித் தீர்ப்பையும் பற்றிய யூத கிறித்தவ நம்பிக்கையினின்றும் கடவுளை நீக்கி எஞ்சியதே என்றார். 1966-இல் ஹான்ஸ் புளூமன்பர்க் அதனை மறுத்து, முன்னேற்றக் கருத்து அறிவியல் வளர்ச்சியினின்றும் வேறாகத் தோன்றியதென்றும், பழைய நம்பிக்கை காலியாக்கிச் சென்ற இடத்தில் அது பின்னர் ஏறியமர்ந்ததே உண்மை என்றும் காட்டினார். இருவருள்ளும் பின்னவர் கூற்றே எமக்கு நேரிதாகத் தோன்றுகின்றது. வடிவம் ஒத்தமை பற்றி வழியும் ஒன்றென்று துணிதல் கூடாதன்றோ? அஃது எவ்வாறாயினும், ஐந்தொழில் புரியும் முதல்வனைக் கொண்ட சைவரும் உலகநிகழ்ச்சிக்கு ஓர் இலக்குக் கூறினராகாரோ என்பது கடா.

கூறினர், ஆயின் அவ்விலக்கு உயிர்தோறும் வேறுவேறு காலத்தில் எய்தப்படுவது. தோற்றமும் ஒடுக்கமும் மீளமீள நிகழ்வன; உயிர்கள் எண்ணிறந்தன; மலபரிபாகம் ஒவ்வோருயிர்க்கும் தன்தன் அளவிலேயே நிகழும். எல்லார்க்கும் ஒருங்கே வரும் இறுதிநாளோ, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நாடோ, ஒரு கட்சியோ இம்முறையில் இல்லை. ஆதலின் “வரலாறு எம் பக்கம்” என்பான் கூற்றை விலக்கி, அவ்விடத்தில் “திருவருள் எம் பக்கம்” என்று வைப்பானும் சித்தாந்தத்திற் சான்று பெறான். சித்தியார் எழுந்த அப்பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மாறவர்மன் முதலாம் சுந்தரபாண்டியன் சோணாட்டின்மேற் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். அவன் மெய்க்கீர்த்தி அதனைப் புகழ்ந்து கூறுவதோடு, தில்லை புகுந்து கூத்தப்பெருமானை அவன் தொழுததையும் கூறுகின்றது. அவனுக்குத் தோற்று முடியிழந்து, பின் அவனாலேயே அதனை மீளப்பெற்ற மூன்றாங் குலோத்துங்கன், திரிபுவனத்துச் சிவாலயம் எடுப்பித்த சோழன். இவ்விருவருள் திருவருள் யார் பக்கம் நின்றது என்னும் வினாவை மெய்கண்ட சாத்திரங்கள் எழுப்பவேயில்லை.